கொழுந்துப் பையிலிருந்து டிசைன் படிப்புக்கு: நீலகிரி மாணவர்களுக்கு ஓர் அனுபவ வழிகாட்டல்

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கவிருக்கும் நீலகிரி மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ப்ராடக்ட் டிசைன் (அன்றாடப் பொருள்களை வடிவமைக்கும் துறை) படிக்க நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டுமா என்பதைத்தான். வரையத் தெரிந்தால் நல்லது. ஆனால் இந்தப் படிப்பில் கைகொடுப்பது, ஒருவர் தம் வேலையைச் செய்யும்போது அருகிலிருந்து பொறுமையாகக் கவனிக்கும் பழக்கம் என்று, இறுதியாண்டில் இருக்கும் நான் உறுதியாகச் சொல்வேன். கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்ததால், கவனிக்க வேண்டியவை எனக்கு வீட்டைச் சுற்றியே கிடைத்தன. மலையில் பிறந்த வேறு எந்த மாணவருக்கும் அவை கிடைக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் துறை எதைப் பற்றியது என்று பெற்றோருக்கு விளக்குவது கடினமாக இருந்தால், சொம்பைக் காட்டி விளக்கலாம். 1958-இல் இந்திய அரசுக்கு அறிக்கை அளித்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், தாம் இந்தியாவில் கண்டு வியந்த பொருள்களில் முதன்மையானதாகச் சொம்பையே குறிப்பிட்டனர். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எப்படிச் சமன்படுகிறது, தூக்கும் கை எவ்வளவு பெரியது, ஊற்றும்போது நீர் எப்படி விழுகிறது என்று அந்த ஒரு பாத்திரத்தைப் பற்றி அவர்கள் கேள்விகளை அடுக்கினார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகவே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. அத்தகைய கேள்விகளை ஒரு பொருளின் மீது விடாமல் கேட்டு, கிடைக்கும் விடைகளைக் கையால் செய்து பார்ப்பதே எங்கள் படிப்பு.

என் முதல் பெரிய ப்ராஜெக்ட் கொழுந்துப் பை. தேயிலை பறிக்கும் பெண்கள் முதுகில் மாட்டியிருக்கும் அந்தப் பையைப் பற்றி ஆய்வு செய்யப்போவதாகச் சொன்னபோது, பாரத்தைக் குறைப்பதுதான் என் வேலை என்று வகுப்பில் எல்லோரும் எண்ணினார்கள். தோட்டத்தில் நின்று பார்த்தால் காட்சி வேறாக இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து உள்ளங்கையில் நிறைந்ததும், அந்த அம்மா திரும்பிப் பாராமல் தோளுக்கு மேலாகக் கையை வீசுகிறார்; கண் அடுத்த செடியிலேயே இருக்கிறது. பை பாதி காலியாக இருக்கும் காலை நேரத்தில் அதன் வாய் தளர்ந்து மூடிக்கொள்கிறது; வீசிய கொழுந்தில் ஒரு பகுதி வெளியே சிந்துகிறது; அவர் நின்று, பின்னால் கையை வளைத்து வாயை விரித்துவிட்டு மறுபடியும் தொடங்குகிறார். "கனம் பழகிப்போச்சு கண்ணு, இந்த வாய் மூடிக்கிறதுதான் ரோதனை" என்று ஒருவர் சொன்ன பிறகே எனக்குக் கேள்வி தெளிவானது.

அவர்களில் சிலர் அதற்குத் தாங்களாகவே ஒரு வழி கண்டிருந்தார்கள். தண்ணீர் பாய்ச்சும் பழைய ஹோஸ் பைப்பில் ஒரு துண்டை வெட்டி, பையின் வாயோர மடிப்புக்குள் செருகி, இரு முனைகளையும் கம்பியால் கட்டியிருந்தார்கள். வாய் வட்டமாகத் திறந்தே நிற்கும். ஆனால் குறுகலான வரிசைகளுக்கிடையே நடக்கும்போது அந்த வளையம் செடிகளில் சிக்குகிறது. கம்பி முனை சட்டையைக் கிழிக்கிறது. என் வடிவமைப்பு முழுவதும் அந்த ஹோஸ் துண்டிலிருந்து கிளைத்ததுதான்: வட்டத்துக்குப் பதிலாக முட்டை வடிவ வளையம், வலது தோளை நோக்கிச் சற்றே சாய்ந்த வாய், கம்பி இல்லாத இணைப்பு. ஆகவே நான் இளையவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை, ஒட்டுப்போட்ட, கயிறு கட்டிய, வெட்டி நீட்டிய பொருள்களைத் தேடிப் போய்ப் படம் எடுங்கள் என்பது. பயன்படுத்துபவர் தம் கையால் செய்த அந்த மாற்றம், அவருக்கு எது தேவை என்பதைக் கேள்வித்தாள் கொடுத்து விசாரிப்பதைவிடத் தெளிவாகக் காட்டிவிடும்.

அளவெடுப்பதில் சோம்பல் கூடாது. தோள் உயரம், முழங்கை உயரம், பின்னோக்கிக் கை எட்டும் தூரம் ஆகியவற்றைத் தையல் நாடாவால் அளந்து எழுதுங்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் வெளியிட்ட இந்தியர் உடலளவுத் தொகுப்பு ஒன்று உண்டு. கல்லூரி நூலகத்தில் அதனோடு உங்கள் அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். சராசரி உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பொருள் எட்டாமல் போகும். கை எட்ட வேண்டியதைக் குள்ளமானவர்களைக் கொண்டும், உடல் நுழைய வேண்டியதைப் பருமனானவர்களைக் கொண்டும் தீர்மானிப்பது இத்துறையின் அடிப்படைக் கணக்கு. பையின் வாய் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை, நான் சந்தித்தவர்களில் உயரம் குறைந்த பாட்டியின் கைதான் முடிவு செய்தது.

மாதிரிகளை உரச்சாக்குத் துணியிலும் வலைத்துணியிலும் எங்கள் ஊர்த் தையல்காரரிடமே தைத்தேன். வலைத்துணிக்குக் காரணம் உண்டு: பறித்த கொழுந்து காற்றில்லாமல் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், தொழிற்சாலையில் தரம் குறையும். கணினியில் முப்பரிமாணப் படம் வரைவதற்கு முன்பே இத்தகைய மலிவான மாதிரிகளைத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று, உண்மையான கொழுந்தை நிரப்பி, உண்மையான சரிவில் நடந்து பார்ப்பது மிகவும் முக்கியம். சமதளத்தில் வசதியாகத் தோன்றிய பட்டை, இறக்கத்தில் கழுத்துப் பக்கம் நழுவும்.

இரண்டாவது ப்ராஜெக்ட் மூலப்பொருளிலிருந்து தொடங்கியது. முதுமலை, கூடலூர்க் காடுகளில் பரவியிருக்கும் உண்ணிச்செடி (லன்டானா) வெளிநாட்டிலிருந்து வந்து, யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல்லை வளரவிடாமல் மூடிவிடும் செடி. அதன் தண்டைக் கொதிக்க வைத்து, பட்டையை உரித்து, சூடு ஆறுவதற்குள் வளைத்துக் கட்டினால் உறுதியான இருக்கைகள் செய்யலாம். கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் இந்தத் தண்டால் நிஜ யானை அளவில் செய்த யானைச் சிற்பங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. நான் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கான சிறிய முக்காலி செய்தேன். ஒவ்வொரு தண்டும் ஒவ்வொரு பருமனில் இருப்பதால் மில்லிமீட்டர் கணக்கில் வரைபடம் கொடுத்துப் பயனில்லை. வளைவைப் பிடித்து நிறுத்தும் மரச்சட்டம் ஒன்றைச் செய்து கொடுத்தால், கைவினைஞர் தம் கண்ணளவால் மீதியைச் சரிசெய்துகொள்கிறார். அவர்களோடு வேலை செய்யும்போது கூலியையும், முக்காலி விற்றால் யாருக்கு எவ்வளவு என்பதையும் முதல் நாளே பேசி முடிவு செய்துவிடுங்கள். மாணவர் ப்ராஜெக்ட் என்ற பெயரில் அவர்களுடைய நேரத்தை இலவசமாக எடுத்துக்கொள்வது நியாயமன்று.

இனி நுழைவுத் தேர்வு. ஐஐடிகளில் பி.டெஸ். என்னும் இளநிலை வடிவமைப்புப் பட்டம் படிப்பதற்கான யூசீட் (UCEED) தேர்வை ஐஐடி பம்பாய் 2015 முதல் நடத்துகிறது. வழக்கமாக ஜனவரியில் நடக்கும் இத்தேர்வுக்கு ஒரு மூன்று மாதம் முன்பே விண்ணப்பம் தொடங்கிவிடும். காட்சி நுட்பம், உற்றுநோக்கல், தர்க்கம் ஆகியவற்றைச் சோதிக்கும் கணினிவழிப் பகுதி ஒன்று, தாளில் கையால் வரையும் பகுதி இன்னொன்று. கேள்விகள் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழியில் படித்தவர்கள் பழைய வினாத்தாள்களை நேரம் குறித்துக்கொண்டு வாசித்துப் பழகுவது அவசியம். வரையும் பகுதியில் ஒரு காட்சியைக் குறிப்பிட்ட கோணத்திலிருந்து வரையச் சொல்வது வழக்கம். இதில் மலைவாசிகளுக்கு இயல்பாகவே ஒரு வாய்ப்பு இருக்கிறது. குன்னூர்ப் பேருந்து நிலையத்தையும் சந்தையையும் மேல் சாலை வளைவில் நின்று ஒருமுறை, கீழே நின்று ஒருமுறை வரைந்து பழகுங்கள். கூரைகள் எப்படி ஒடுங்குகின்றன, படிகளில் ஏறும் ஆட்களின் அளவு எப்படி மாறுகிறது என்பது புத்தகம் இல்லாமலே பிடிபடும். தேர்வு மையம் கோயம்புத்தூரில் அமைந்தால் முந்தைய நாளே மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். பந்தலூரிலிருந்தோ கூடலூரிலிருந்தோ உறைபனிக் காலத்தில் விடியற்காலைப் பேருந்தை நம்பிப் புறப்படுவது வீண் பதற்றம்.

யூசீட் நுழைவுக்குப் போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு, தேவையில்லை. ஆனால் சில தனியார் கல்லூரிகள் கேட்கும், பின்னாளில் பயிற்சிப் பணிக்கும் முதுநிலைப் படிப்புக்கும் கட்டாயம் கேட்பார்கள். பல ப்ராஜெக்டுகளின் அழகான இறுதிப் படங்களைவிட, ஒரே ப்ராஜெக்ட் எந்தக் கட்டத்தில் ஏன் திசை மாறியது என்பதைக் காட்டும் பக்கங்களே பார்ப்பவரை நிறுத்தி வாசிக்க வைக்கின்றன. என் பைக்கான பக்கங்களில் ஹோஸ் பைப் துண்டின் படத்துக்குத்தான் முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

செலவைப் பற்றித் தயங்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி போன்ற நிறுவனங்களில் இளநிலைப் படிப்பில் சேர்வோரின் முழுச் செலவையும் மாநில அரசே ஏற்கும் என்று தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. விண்ணப்பிக்கும் முன்பே தலைமையாசிரியரிடம் இதன் நடைமுறையைக் கேட்டு, சான்றிதழ்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்ததும் பெங்களூரில் பெரிய நிறுவனம் ஒன்றில் சேரும்படி வீட்டில் விரும்புகிறார்கள். சில ஆண்டுகள் அப்படிச் சென்று உற்பத்தி முறைகளைக் கற்கவும் நான் நினைக்கிறேன். ஆனால் கடைசியில் திரும்பி வந்து கோத்தகிரியில் ஒரு சிறு பட்டறை தொடங்க வேண்டும் என்பதே என் ஆசை. மலையில் பொருள் உற்பத்தி நடக்காது என்போருக்கு, 1949-இல் நீலகிரியிலேயே உள்ள கேத்தியில் தொடங்கி இன்றும் பின்னல் ஊசிகள் செய்துவரும் தொழிற்சாலையைக் காட்டுவேன். தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள். இளையவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். சந்தையில் கிடைக்கும் அறுவடை இயந்திரங்களின் எடையும் அதிர்வும் செங்குத்தான சரிவில் நிற்கும் ஐம்பது வயதுப் பெண்ணின் மணிக்கட்டுக்கு ஒத்துவருவதில்லை. அவர் தனியாகவே பிடித்து இயக்கக்கூடிய, எடையை இடுப்புக்கு மாற்றும் கைப்பிடி ஒன்றுதான் என் இறுதியாண்டு ப்ராஜெக்ட். அதன் ஒவ்வொரு பாகமும் கோத்தகிரிக் கடைவீதியில் இருக்கும் வெல்டிங் பட்டறையிலும் சைக்கிள் கடையிலும் பழுதுபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே விதித்திருக்கிறேன். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு இரண்டு போல்ட்டுகளின் அளவை மாற்றச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதிரியில் அவை மாறும்.