மாணவர் பாஸிலிருந்து துணைவர் பாஸுக்கு: கோலாலம்பூரில் பட்ட பாடு

ஒருவழியாக பாஸ்போர்ட்டில் துணைவர் பாஸ் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. மலேசியரைக் கல்யாணம் செய்தவர் இங்கே தங்குவதற்கான அனுமதி அது. இங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே மலேசியரைக் கல்யாணம் செய்யப்போகிற தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எல்லாரும் இமிகிரேஷனைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். என்னை அழவைத்தது நான் படித்த தனியார் கல்லூரி.

கல்யாணப் பதிவு சிக்கலில்லாமல் முடிந்தது: இந்தியத் தூதரகத்தில் மணமாகாதவர் சான்று, பதிவிலாகாவில் 21 நாள் அறிவிப்பு, கையெழுத்து. சான்றிதழ் அச்சாகும் முன் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இங்குள்ள வழக்கப்படி என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/பி' ('மகள்' என்பதன் மலாய்ச் சுருக்கம்) வந்திருந்தது. பாஸ்போர்ட்டில் அது கிடையாது. அங்கேயே சொல்லி எடுக்கவைத்தேன்.

அடுத்தது மாணவர் பாஸை முடிப்பது. கல்லூரி விடுவிப்புக் கடிதம் தந்து, வெளிநாட்டு மாணவர்களின் பாஸ் விண்ணப்பங்களைக் கவனிக்கும் இ.எம்.ஜி.எஸ். அமைப்பு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அனைத்துலக மாணவர் பிரிவில் இருந்த பெண் என் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. "ஊருக்குப் போற டிக்கெட் எங்கே?" என்றார். போகவில்லை, கல்யாணமாகி இங்கேயே இருக்கப்போகிறேன் என்று சான்றிதழை நீட்டினேன். "லிஸ்ட்ல டிக்கெட்னு இருக்கு. அது இல்லாம அனுப்ப முடியாது." படிப்பை முடித்து ஊர் திரும்புகிறவர்களுக்கான லிஸ்ட் அது. அதை எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. மறுபடி போனால் அவர் லீவு. அதற்கடுத்து, நூலகப் பாக்கி இருக்கிறது என்றார், ரசீதைக் காட்டினேன். பாஸ் முடியும் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை.

"ஒரு டிக்கெட்டைப் போட்டுக் குடுத்துட்டு, அப்புறம் கேன்சல் பண்ணிக்கலாமேம்மா" என்று அத்தைகூடச் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாட்டைவிட்டுப் போகிறேன் என்று ஒரு இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னொரு இடத்தில் இருக்க அனுமதி கேட்டால் நம் பேச்சை யார் நம்புவார்கள்?

கடைசியில் கல்லூரிப் பதிவாளருக்கே கடிதம் எழுதினேன். கல்யாணச் சான்றிதழ் நகல், கணவருடைய ஐசி (அடையாள அட்டை) நகல் இரண்டையும் இணைத்து, 'துணைவர் பாஸுக்கு மாறுகிறேன். கடிதம் தர முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்' என்று கேட்டேன். மறுநாளே கடிதம் மேசைக்கு வந்தது! கவுண்டரில் வாய்ப்பேச்சில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். கையில் வாங்கியதும், படிப்பு முடிந்த தேதியும் பாஸ் மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்பதும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இமிகிரேஷனுக்குக் கணவன் மனைவி இருவரும் நேரில் போகவேண்டும். மலேசியரான துணைவர் கையெழுத்திட்ட பிணைப் பத்திரத்துக்கு 10 ரிங்கிட் முத்திரைக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அசலும் நகலும் வேண்டும். எங்கே பழகினீர்கள், வீட்டில் யார் யார் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னோம், அவ்வளவுதான்.

ஸ்டிக்கரை வாங்கியதும் அதிலுள்ள வரிகளைப் படியுங்கள். வேலை செய்யக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். துணைவர் பாஸ் வந்துவிட்டதே என்று மறுநாளே வேலைக்குப் போய்விடாதீர்கள். வேலைதரும் நிறுவனத்தின் கடிதத்தோடு தனியாக அனுமதி கேட்டு, அது பாஸ்போர்ட்டில் ஏறியபிறகுதான் போகலாம். எனக்கும் அந்த அனுமதி வாங்குவது இன்னும் பாக்கியிருக்கிறது.