சிவப்பு ஸ்டார்ம்: பாளையங்கோட்டை வீட்டுக் கொட்டகையிலிருந்து

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி தொடங்கிய நாளில் கார் வீடு வந்து சேர்ந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்திலிருந்து ரெக்கவரி வண்டியில் ஏற்றி, பெருமாள்புரம் தெருவில் இறக்கி, பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு பேர் தள்ள, கொட்டகைக்குள் போட்டாயிற்று. சான் ஸ்டார்ம், 2001 பதிவு, இரண்டு இருக்கை, மேலே மடக்கி வைக்கும் துணி டாப். ரயில் எஞ்சின் செய்கிற பெங்களூர்க் குழுமம் ஒன்று 1998 வாக்கில் கொண்டுவந்த கார் இது, வடிவமைப்பு பிரான்சில், எஞ்சின் ரெனோவுடைய 1149 சிசி, 60 குதிரைத் திறன். இந்தியாவில் செய்து விற்ற திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார் என்று விரல் விட்டு எண்ணினால் முதல் விரலிலேயே இது வந்துவிடும். கல்லூரியில் படித்தபோது வண்ணார்பேட்டை பைபாஸில் ஒன்று கடந்து போனதைப் பார்த்தேன், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் தலையைத் திருப்பினோம். அன்றிலிருந்து மனதில் இருந்த கார்.

விற்றவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் மறைக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி அவர் ஷெட்டுக்குள்ளேயே வந்திருக்கிறது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழைதான். கதவின் உள்பக்க அட்டையில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வண்டல் கோடு அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் ஸ்டார்ட் செய்யவே முயலவில்லை, அதற்காக அவருக்கு நூறு நன்றி.

அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எய்யா, கூரையே கிழிஞ்சு கெடக்கே, மழ வந்தா எங்க ஒதுங்குவ?" என்று கேட்டாள். சரியான கேள்விதான். முதல் வேலைகளில் அதுவும் ஒன்று.

மே 11, ஞாயிறு

இருக்கைகள், தரைவிரிப்பு, கதவு அட்டை எல்லாம் கழற்றியாயிற்று. தரைவிரிப்புக்கு அடியில் இரண்டு தட்டு வண்டல். காய்ந்து ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது, நல்ல ஆற்று மண், வாசனை கூட மாறவில்லை. இருக்கைத் தண்டவாளம் துருப்பிடித்து இறுகிவிட்டது, டீசல் ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டுத்தான் அசைந்தது.

இன்று முழுக்க வயரிங். இந்தக் காரில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் எதையும் தொடக்கூடாது: உடம்பு ஃபைபர், அதாவது கண்ணாடி இழையைப் பிசினில் ஊறவைத்துச் செய்தது. சாதாரண காரில் விளக்குக்கு ஒரு வயர் போனால் போதும், திரும்பி வருகிற மின்சாரம் தகர உடம்பு வழியாகவே பேட்டரிக்குப் போய்விடும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர் இழுத்து, கீழே இருக்கிற இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். அந்த போல்ட்டுகள் எல்லாம் தண்ணீரில் நின்றவை. இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மங்கலாக மினுக்கியதற்குக் காரணம் இதுதான், தன் எர்த் செத்துப்போனதால் மின்சாரம் பக்கத்து விளக்கு வழியாக வழி தேடிக்கொண்டிருந்தது. ஒன்பது இடத்தில் எமரித் தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, வயர் முனையில் போல்ட்டுக்கு மாட்டுகிற புது லக்கு அடித்து, மேலே கிரீஸ் பூசினேன்.

அப்படியே ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே வைத்துவிட்டேன், சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச் அது. பழைய சுவிட்ச் வழியாகவே முழுக் கரண்டும் போய்க்கொண்டிருந்தது, பல்பின் முனையில் மீட்டர் வைத்தால் 10.6 வோல்ட்தான். ரிலே வைத்த பிறகு 12.3. அதே 60/55 வாட் பல்பு, எதிர்ச் சுவரில் வெளிச்சம் இரண்டு மடங்கு போலத் தெரிந்தது. பெரிய வாட் பல்பு வாங்கிப் போட்டு எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்குவதை விட இதுதான் முறை.

மே 18, ஞாயிறு

உவரிக்குப் போய்வந்தேன்.

ஓட்டுநர் பக்கக் கதவுக்கு மேல் மூலையில் சிலந்தி வலை மாதிரி விரிசல், பின் மூடியில் ஒரு கை நீளத்துக்கு நீள விரிசல். திருநெல்வேலியில் மூன்று டிங்கரிங் பட்டறையில் காட்டினேன். மூன்று பேருமே பட்டி வைத்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றார்கள். அப்படி யாரோ ஏற்கெனவே செய்ததுதான் மறுபடி வெடித்திருக்கிறது. ராத்திரி படுத்திருக்கும்போதுதான் மண்டையில் தட்டியது: நம் கடற்கரையில் இருக்கிற வள்ளம் எல்லாம் ஃபைபர்தானே? தினமும் அலையில் மோதி, மணலில் இழுபட்டு, உடைந்து, மறுபடி கடலுக்குப் போகிறதே?

அந்தோணியார் கோயிலைத் தாண்டி கடற்கரையில் வள்ளம் கவிழ்த்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்கு முப்பது வயதிருக்கும். போனில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, இது வெளிய அடிபட்ட வெடிப்பு இல்ல. உள்ளருந்து ஏதோ இழுக்கு. எது இழுக்குன்னு பாக்காம அடைச்சா திரும்பவும் வெடிக்கும்" என்றார். சும்மா இருந்த ஐந்து ரூபாய்க் காசை எடுத்து வள்ளத்தின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக், டக். ஓரிடத்தில் மட்டும் "டப்" என்று அடங்கின சத்தம். "இந்த எடத்துல லேயர் விட்டுருச்சு. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்." என் கையில் காசைக் கொடுத்துத் தட்டச் சொன்னார், எல்லையைப் பென்சிலால் கோடு போடச் சொன்னார். ஏழெட்டு முறை தட்டியதும் என் காதுக்கும் பிடிபட்டுவிட்டது.

அப்புறம் மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தார். விரிசலை ஆங்கில 'வி' மாதிரி சரிவாகக் கடைந்து எடுத்துவிட்டு, பின்பக்கமிருந்து மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, ஒட்ட வேண்டும், முன்பக்கம் மட்டும் பூசினால் நிற்காது. முதல் துண்டு பெரியது, அடுத்தது சிறியது என்று ஒட்டக் கூடாது, சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிக்க வேண்டும். மூன்றாவது: மேட்டை ஒட்டுகிற பிசினான ரெசினில், அது இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் நன்றாகக் கலந்துவிட்டுத்தான், இறுக வைக்கிற கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும், இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இதைச் சொல்லும்போது மட்டும் குரலை உயர்த்தினார். காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு கிலோ ரெசினும் மேட்டும் அவர் வாங்கும் கடையிலேயே வாங்கிக்கொண்டு வந்தேன்.

மே 25, ஞாயிறு

வீட்டுக்கு வந்து காசால் தட்டினேன். கதவு மூலையில் "டப்" கேட்ட இடத்துக்கு நேர் பின்னால் டாப்பின் இரும்புக் கை மாட்டுகிற போல்ட். வாஷர் இல்லை. ஒவ்வொரு முறை டாப்பை மடக்கும்போதும் அந்த ஒரே போல்ட் தலை ஃபைபரைக் கடித்து இழுத்திருக்கிறது. அந்தத் தம்பி எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, படத்தை வைத்தே சொன்னது அச்சு அசலாகச் சரி. கை அகலத்துக்கு அலுமினியத் தகடு வெட்டி, அதை உள்ளே வைத்து, அதன் மேல் போல்ட்டை முறுக்கினேன். இழுவை இப்போது தகடு முழுக்கப் பரவிப் போகும்.

ரெசின் வேலையை விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்துக்கொண்டேன். போன வாரம் நம் வெயிலில் பத்து மணிக்கு ஒரு கிண்ணம் கலந்து, மேட்டில் தடவுவதற்குள் கிண்ணத்திலேயே கல்லாகிப் புகைந்தது. இன்று 100 கிராமுக்கு 1 கிராம் கேட்டலிஸ்ட் மட்டும், குளிர்ந்த நேரத்தில், அரை மணி நேரம் கிடைத்தது. ரோலரால் உருட்டிக் காற்றுக் குமிழ் ஒவ்வொன்றையும் வெளியே தள்ளினேன். வெள்ளையாக இருந்த மேட் ரெசின் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகிற நேரம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே இன்னொரு விரிசல் இருக்கக் கூடாதா என்று தோன்றியது.

தென்மேற்குப் பருவமழை நேற்றே கேரளத்தில் தொடங்கிவிட்டதாம், எட்டு நாள் முன்னதாக. மேற்கே மலை தெரியவில்லை, ஒரே மேகம். டாப்பைச் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

எஞ்சின். இதே எஞ்சின் ஐரோப்பாவில் ட்விங்கோ, கிளியோ கார்களில் ஓடியது, அதனால் வால்வுகளை நேரம் பிசகாமல் ஓட்டுகிற டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் அங்கிருந்தே தபாலில் வரவழைத்தேன், மூன்று வாரம் ஆயிற்று. பழைய பெல்ட் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, முதுகை மடக்கிப் பார்த்தால் பொடிப் பொடியாக விரிசல். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். மெக்கானிக் அண்ணாச்சி பெல்ட் சக்கரங்களில் இருக்கிற மார்க் பார்த்து மாட்டிவிட்டு, கையாலேயே எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி மார்க் பார்த்தார். சாவியைத் திருப்பியது அதற்குப் பிறகுதான். நாலாவது முறையில் பிடித்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் சத்தம். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை இன்று.

ஜூன் 14, சனி

டவுனில் ஜீப்புக்கு ஹூட் தைக்கிற கடை. பழைய டாப்பைத் தையல் பிரித்து, துண்டு துண்டாகத் தரையில் விரித்து, அதையே அளவாக வைத்து வெட்டினார். சுருங்கிப்போன துணியை அப்படியே அளவெடுக்கக் கூடாது என்று ஓரத்துக்கு ஓரம் அரை அங்குலம் கூட விட்டார். பின் ஜன்னல் பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகிவிட்டது, புதியது கனமான பிளாஸ்டிக் தாள். தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்காமல் இருக்க உள்ளே பட்டை ஒட்டினார். கறுப்பு வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு மணல் நிறம் போடுங்கள் என்று அவர்தான் சொன்னார், அது சிவப்போடு இவ்வளவு பொருந்தும் என்று நினைக்கவில்லை.

பாடி நிறத்தில் மட்டும் கை வைக்கவில்லை. நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், அதை விட, இது சிவப்பாகப் பிறந்த கார்.

ஜூன் 22, ஞாயிறு

கதவு அட்டை இரண்டும் வண்டலில் ஊறிச் சிதைந்துவிட்டன. மறுபடி ரெக்சின் ஒட்ட மனமில்லை. பத்தமடைக்குப் போய், பாய் நெய்கிற ஒரு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "கார் கதவுக்கா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு தறியில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, கோரையை நகத்தால் கீறி எத்தனை மெல்லிசு வேண்டும் என்று காட்டினார். பட்டுப் பாய் அளவுக்கு மெல்லிசு வேண்டாம், கை படுகிற இடம், நடுத்தரம் போதும் என்று அவரே முடிவு செய்தார். பச்சை ஓரம், நடுவில் வெறும் கோரை நிறம். ஒரு நிபந்தனை போட்டார்: எங்கேயும் மடிக்கக் கூடாது, பாயைச் சுருட்டலாம், மடித்தால் அந்த இடத்தில் கோரை ஒடியும். அதனால் ஓரத்தை மடக்கி ஒட்டாமல், சுற்றிலும் மெல்லிய தேக்குச் சட்டம் வைத்து அழுத்தப் போகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேரோட்டம், ஊருக்கே லீவு. காலையில் நெல்லையப்பர் தேருக்கு வடம் பிடித்துவிட்டு வந்தேன். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவு பெரிய தேரைச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி நிற்க வைக்கிறார்கள். மத்தியானம் பிரேக் ஆயில் மாற்றினேன். பழைய ஆயில் காப்பி டிக்காஷன் நிறத்தில் வந்தது. காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்கிற திரவம் அது, இவ்வளவு காலம் விட்டதே அதிகம். ஹோஸ் நாலும் புதிது.

ஜூலை 20, ஞாயிறு

அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிற பெரியவர் கியர் குமிழ் செய்து கொடுத்தார். அவருக்கு அளவு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பழைய குமிழை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், அப்புறம் என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், அவ்வளவுதான். கடைசலில் மரம் சுற்றும்போதே அரக்குக் குச்சியை வைத்து அழுத்துகிறார், உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறுகிறது, தாழை மடலை வைத்து அழுத்தினால் முகம் தெரிகிற மினுமினுப்பு. சிவப்பு உடம்பு, உச்சியில் ஒரு மஞ்சள் வளையம், என் மகள் சின்ன வயதில் விளையாடிய சொப்பின் அதே மஞ்சள். அடியில் பித்தளை நட்டைப் பதித்து வாங்கிக்கொண்டேன். தகரத்தைப் போல வெயிலில் சுடவும் இல்லை, கைக்கு இதமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. டாப்பை மடக்கி வைத்துவிட்டு அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாகப் பாபநாசம். தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தாள். கதவிலிருந்த பாயை வழி முழுக்க விரலால் தடவிக்கொண்டே வந்தாள், பத்தமடை தாண்டும்போது அந்த அக்கா வீட்டைக் காட்டச் சொன்னாள். எஞ்சின் சூடு பாதிக்கு மேல் ஏறவில்லை. கதவு மூலையைக் காசால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தேன், டக் என்றுதான் சொல்கிறது.

திரும்பும்போது கல்லிடைக்குறிச்சிக்கு இந்தப் பக்கம் சாரல் பிடித்துக்கொண்டது. ஓரங்கட்டி, டாப்பை இழுத்து மாட்ட ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. நாலு கிலோமீட்டர் நல்ல மழையில் வந்தோம். அம்மா கையைத் தூக்கி பீடிங் ரப்பர் ஓரமாகவே தடவிக்கொண்டு வந்து, தன் பக்கம் கண்ணாடி மூலையில் நிறுத்தினாள். விரல் நுனியில் ஒரே ஒரு சொட்டு. அதை முந்தானையில் துடைத்துவிட்டு, "எய்யா, இந்த மூலைய மட்டும் அந்த உவரிப் பையன்ட்ட கேளு" என்றாள்.

அடுத்த ஞாயிறு உவரி.