"நம்பரைச் சரியாத்தான் அடிச்சேன் சார்"

ரத்தப் பரிசோதனை லேபின் ரிப்போர்ட் கவுன்ட்டரில் இருந்த அந்த அம்மா மூன்றாவது தடவை போனில் இதைச் சொன்னபோதும், நான் எழுதிய மென்பொருளின் லாகை (யார் என்ன தேடினார்கள் என்று அது தானே குறித்து வைக்கும் பதிவை) திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினேன். அவர் தேடியதாகச் சொன்ன நோயாளி எண் 4172. லாகில் இருந்தது 4180, அதுவும் ஒரே நொடியில் இரண்டு வரி. "மேடம், இங்க 4180ன்னுதான் வந்திருக்கு, ரெண்டு தடவை வேற பட்டனை அழுத்தியிருக்கீங்க, அவசரத்துல மாத்தி அடிச்சிருப்பீங்க" என்றேன். கத்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பொம்பளைங்க ஸ்லிப்பை வெச்சுக்கிட்டுத் தேடறேன், ஆம்பளை பேர் வருது சார். சரி, இனிமே பார்த்து அடிக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த "சரி" இன்னும் காதில் இருக்கிறது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சப்போர்ட்டுக்கு வரும் "தப்பா காட்டுது" அழைப்புகளில் பெரும்பாலானவை உண்மையிலேயே தட்டச்சுப் பிழைகள்தான். அவர் திரையில்கூடத் தேடல் பெட்டிக்குள் 4180 என்றுதான் இருந்தது, அதை அவரே ஒப்புக்கொண்டார். திரை ஒன்று சொல்கிறது, லாகும் அதையே சொல்கிறது, ஒரு மனுஷி மட்டும் வேறு சொல்கிறார் என்றால் யாரை நம்புவது? அன்றைக்கு என் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லி முடித்ததும் அது முழுசாக நிற்பதில்லை. ஏனென்றால் அந்தத் திரையைக் காட்டியதும் நான் எழுதிய புரோகிராம், அந்த லாக் வரியை எழுதியதும் அதே புரோகிராம்.

விஷயம் இதுதான். எங்கள் ஜாவா மென்பொருள் ஓடிய சர்வர் டாம்கேட். அதில் ஒரு சர்வ்லெட்டுக்கு, அதாவது கோரிக்கையை வாங்கிப் பதில் தரும் புரோகிராமுக்கு, பொதுவாக ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான், ஒரே ஒரு பிரதிதான் உருவாகும். எத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் ஆளுக்கொரு த்ரெட் (தனி வேலை ஓட்டம்) அதே ஆப்ஜெக்டுக்குள்தான் ஓடும். நான் நோயாளி எண்ணையும் தேடல் முடிவையும், ஒவ்வொரு தேடலுக்கும் தனித்தனியாக இருக்கும்படி மெத்தடுக்குள் வைக்காமல், எல்லா த்ரெட்டுக்கும் பொதுவான கிளாஸின் ஃபீல்டாக வைத்திருந்தேன். நாலு மெத்தடுக்குக் கையில் கொடுத்துக்கொண்டே போக வேண்டாமே என்கிற சோம்பல், வேறு காரணம் இல்லை. முதல் கவுன்ட்டர் 4172 என்று எழுதும், டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்குக் காத்திருக்கும், அதற்குள் இரண்டாவது கவுன்ட்டர் அதே இடத்தில் 4180 என்று எழுதிவிடும். பிறகு இரண்டு த்ரெட்டும் அதையேதான் எடுத்துத் தேடும், அதையே திரையில் காட்டும், அதையே லாகிலும் எழுதும். அந்த அம்மா இரண்டு தடவை அழுத்தினார் என்று நான் படித்த இரண்டு வரிகளில் ஒன்று அவருடையது, மற்றது பக்கத்துக் கவுன்ட்டருடையது. தேடல் படிவம் POST முறையில், அதாவது எண் இணைய முகவரியில் தெரியாமல் போனதால், வந்த முகவரிகளைக் குறிக்கும் டாம்கேட்டின் அக்சஸ் லாகிலும் உண்மையான எண் இல்லை. அவர் 4172 அடித்ததற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அவர் மட்டும்தான்.

அதைக் கண்டுபிடிக்க வழி காட்டியதும் அவர்தான். டோக்கன் ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில், தான் எப்போதெல்லாம் தப்பாக அடிக்கிறோம் என்று தெரிந்துகொள்ள, நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்து அதைப் போனில் படித்தார்: 7.12, 7.40, 8.05... ஒன்றுகூட ஒன்பது மணிக்கு மேல் இல்லை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கக் கூட்டம் அலைமோதும் நேரம் அது. எங்கள் கனெக்‌ஷன் பூலில் இருந்ததோ எட்டுதான், அதற்கு மேல் வரும் தேடல்கள் டேட்டாபேஸுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை பிரவுசர் கேஷ், செஷன், ப்ராக்ஸி என்று எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் எண்ணை வாங்கும் வரிக்கு அடுத்து பத்து நொடி காத்திருக்கும்படி ஸ்லீப் போட்டு, பக்கத்து சீட்டு நண்பரை ஒரு எண் தேடச் சொல்லி, நான் வேறொன்று தேடினேன். இரண்டு திரையிலும் ஒரே பெயர் வந்து நின்றது. வயிறு கலங்கிவிட்டது.

முதலில் மெத்தடுக்கு சின்க்ரனைஸ்டு போட்டேன். தப்பு நின்றது, ஆனால் ஒருவர் தேடி முடித்தால்தான் அடுத்தவர் தேடலாம் என்றாகி, மறுநாள் காலையில் வரிசை வாசல் வரை போய்விட்டது. அப்புறம்தான் எல்லாவற்றையும் லோக்கல் வேரியபிளாக, அதாவது ஒவ்வொரு தேடலுக்கும் தனியாக இருக்கும்படி மாற்றினேன். பத்துப் பதினைந்து வரி வேலை.

ரிலீஸ் மெயிலில் "ஒரே நேரத்தில் பலர் தேடும்போது வந்த பிரச்சினை சரிசெய்யப்பட்டது" என்று ஒற்றை வரி எழுதினோம். யாருடைய ரிப்போர்ட்டை யார் பார்த்தார்கள், தப்பான காகிதம் யார் கையிலாவது போனதா என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அந்த லாகை வைத்து அதைத் திரும்ப எடுத்திருக்கவும் முடியாது. அந்த அம்மா பெயரைச் சரிபார்த்துத்தான் கொடுப்பார், மற்ற கவுன்ட்டர்களைப் பற்றித் தெரியாது. 2023 மார்ச்சில் சாட்ஜிபிடியில் ஒருவரின் உரையாடல் தலைப்புகள் இன்னொருவருக்குத் தெரிந்தன. பாதியில் ரத்தான கோரிக்கையின் பதில் ரெடிஸ் என்கிற தற்காலிகச் சேமிப்பகத்தின் கனெக்‌ஷனிலேயே தங்கி, அடுத்தவருக்குப் போய்விட்டது என்று அதை நடத்தும் ஓபன்ஏஐக்காரர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்களுடையது சின்ன லேப், சின்ன அப்ளிகேஷன், அந்த ஒற்றை வரி போதும் என்று அன்றைக்கு மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். எனக்கும் அது வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

சரிசெய்த ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த அம்மாவுக்கு நானே போன் செய்தேன். சொல்லிவிடத்தான் செய்தேன். "இப்ப எப்படி மேடம் வருது?" என்று ஆரம்பித்தேன்.

"இப்ப ஒரு தப்பும் இல்லை சார். ஒவ்வொரு நம்பரையும் ரெண்டு தடவை பார்த்துத்தான் அடிக்கிறேன்" என்றார்.

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டேன்.