கோணல் மாளிகை: லிட்டில் மோர்ட்டன் ஹால் மாடல், இதுவரை

நான் செய்துகொண்டிருக்கும் மாடலின் தெற்குப் பக்கம் ஒருவழியாக எழுந்து நின்றுவிட்டது. கூரையும் அகழியும்தான் பாக்கி.

இங்கிலாந்தில் செஷயரில், காங்கிள்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த வீடு. சுற்றிலும் அகழி, நடுவில் சின்ன முற்றம், முழுக்க ஓக் மரச் சட்டங்கள். சுமார் 1504-இல் தொடங்கி 1610 வரைக்கும் மோர்ட்டன் குடும்பத்தின் ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஏதாவது ஒன்றை ஒட்டவைத்துக்கொண்டே போயிருக்கிறது. முழு வீட்டுக்கும் யாரும் ஒரே பிளான் போடவில்லை. அதனால் நானும் நாலு சுவரையும் ஒரேயடியாக வெட்டி ஒட்டாமல், அவர்கள் கட்டிய வரிசையிலேயே போவது என்று முடிவு செய்தேன். அளவு 1:100. சுவருக்கு ஃபோம் போர்டு, சட்டங்களுக்கு பால்சா என்ற லேசான மரம்.

முதலில் பெரிய கூடம். வீட்டின் பழைய பகுதி அதுதான். நேரான வேலை, சீக்கிரம் முடிந்தது.

அடுத்து 1559. கூடத்திலும் அதை ஒட்டிய அறையிலும் முற்றத்தைப் பார்த்தபடி இரண்டு மாடி உயரத்துக்கு ஜன்னல் மாடங்களைத் துருத்திக்கொண்டு நிற்கும்படி சேர்த்தார்கள். முற்றத்து மூலையில் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்வது போல அவ்வளவு நெருக்கம். தனித்தனியாகச் செய்து வைத்தால் நடுவில் கட்டர் நுனிகூட நுழையாது. எனவே இரண்டையும் வெளியிலேயே ஜோடியாகச் சேர்த்து, பெயிண்ட் அடித்து, கடைசியில்தான் சுவரில் பொருத்தினேன். ஜன்னலுக்கு மேலே உள்ள பட்டையில், இதைச் செய்வித்தவர் வில்லியம் மோர்ட்டன் என்றும், செய்த தச்சர் ரிச்சர்ட் டேல் என்றும் செதுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் பெயரோடு தச்சர் பெயரும்! என் அளவில் அந்தப் பட்டை நூல் கனம்கூட வராது. ஆனாலும் மிக மெல்லிய பேனாவால் ஒரு கிறுக்கல் போட்டிருக்கிறேன். தள்ளி நின்று பார்த்தால் வெறும் கோடுதான், இருக்கட்டும்.

கண்ணாடிதான் பொறுமையைச் சோதித்தது. அசல் வீட்டில் ஈயப் பட்டைகளில் பதித்த சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் சுமார் 30,000 இருக்கின்றனவாம். சதுரம், முக்கோணம், வட்டம் என்று ஜன்னலுக்கு ஜன்னல் கோலம் வேறு. ஓஎச்பி ஷீட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் ஊசியால் கீறி, சாம்பல் பெயிண்டைத் தடவி உடனே துடைத்தால் கீறலில் மட்டும் நிறம் தங்குகிறது. வட்டங்களை விட்டுவிட்டேன்.

இப்போது முடித்த தெற்குப் பக்கம் 1560-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கீழே நுழைவாயில், நடுவில் அறைகள், உச்சியில் 68 அடி நீளத்துக்கு ஒரே கூடமாக லாங் கேலரி. மழை நாளில் உள்ளேயே நடை பழக அப்போதைய பணக்காரர்களிடம் இருந்த மோகம் இது. வேலை ஆரம்பித்த பிறகு தோன்றிய யோசனையாக இருக்கலாம் என்கிறார்கள். அதன் தலையில் கனமான கற்பலகைக் கூரை வேறு. பாரம் தாங்காமல் கீழ்த்தளங்கள் வளைந்துவிட்டன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வீடு கைக்கு வந்த எலிசபெத் மோர்ட்டன் எஃகுக் கம்பிகளைக் கொடுத்து கேலரியை இழுத்துக் கட்டியிருக்கலாம்.

ஆக இந்தப் பக்கத்துக்கு மூலைமட்டமே தேவைப்படவில்லை. நீளமான பால்சா பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, கண்ணாடி பாட்டிலில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு ராத்திரி முழுக்க விட்டால் மெல்லிய வளைவு வந்துவிடுகிறது. மாடிகளின் விட்டங்களுக்கு அதைத்தான் ஒட்டினேன். ஒரு விட்டம் தொய்ந்தால் அதன் மேலே நிற்கும் ஜன்னல் சட்டம் சாய்கிறது, அதற்கு மேலுள்ள முக்கோணச் சுவரும் கூடவே சாய்கிறது. அசல் போட்டோவில் புரியாமலிருந்த கோணல்களுக்கெல்லாம் கீழே எங்கோ ஒரு காரணம் இருப்பது ஒட்டும்போதுதான் தெரிகிறது.

நிறத்தில் மட்டும் போட்டோவைப் பின்பற்றவில்லை. மரத்துக்குக் கருப்பும் சுவருக்கு வெள்ளையும் பளிச்சென்று அடிப்பது 19-ஆம் நூற்றாண்டு ரசனை. அதற்கு முன்னால் ஓக் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். வெயிலிலும் மழையிலும் அது வெள்ளிச் சாம்பலாக மாறும். நான் சாம்பலும் லேசான மஞ்சள் மண் நிறமும் அடித்திருக்கிறேன். பார்த்தவர்கள் “இது அந்த வீடு மாதிரியே இல்லையே” என்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இத்தனை கோணலும் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் பணமுடைதான். 1640-களில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மோர்ட்டன்கள் மன்னர் பக்கம் நின்று நொடித்துப்போனார்கள், அப்புறம் வீடு விவசாயிகளுக்கு வாடகைக்குப் போனது. கையில் காசு இருந்திருந்தால் 18-ஆம் நூற்றாண்டு ஃபேஷன்படி செங்கல் முகப்பு எழுப்பியிருப்பார்கள். 1938-இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வீடு போய்ச் சேர்ந்தது.

அடுத்தது கூரை. கற்பலகைகளை மில் போர்டு என்ற கெட்டி அட்டையில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரிக் கூரையில் இறவாணத்தில் பெரிய பலகை, மேலே போகப் போகச் சின்னது என்பதால் அளவு வாரியாகத் தீப்பெட்டிகளில் பிரித்து வைத்திருக்கிறேன். அகழி 10 மீட்டர் அகலம், அதாவது மாடலில் 10 சென்டிமீட்டர். அதற்கு இப்போதிருக்கும் அடிப்பலகை போதாது. பெரிய பிளைவுட் வந்ததும் ஒரு ஓரத்தில் மட்டும் தண்ணீருக்குப் பதிலாக ரெசின் ஊற்றிப் பார்க்கவேண்டும்.