ப்ரிலிமினரி டிகிரி வந்தாச்சா? அப்பீலை தள்ளிப்போடாதீங்க

பாகப்பிரிவினை கேஸ்ல முதல்ல வர்றது ப்ரிலிமினரி டிகிரி (முதல்கட்ட தீர்ப்பாணை), அதாவது யாருக்கு எவ்வளவு பங்குன்னு கோர்ட் சொல்லிடும், அப்புறம் கோர்ட் நியமிக்கிற கமிஷனர் போய் அளந்து எது யாருக்குன்னு பிரிச்ச பிறகுதான் ஃபைனல் டிகிரி. இதுக்கு நடுவுல வருஷக்கணக்கா கூட ஆகலாம். நிறைய பேர் என்ன நினைக்கிறாங்கன்னா, இன்னும் கேஸ் முடியலையே, கடைசி தீர்ப்பு வரட்டும் மொத்தமா அப்பீல் போட்டுக்கலாம்னு. தயவுசெஞ்சு அப்படி இருக்காதீங்க! 1908 சிவில் நடைமுறைச் சட்டம் 97வது பிரிவு தெளிவா சொல்லுது, ப்ரிலிமினரி டிகிரி மேல அப்பீல் போடலன்னா, பின்னாடி ஃபைனல் டிகிரி அப்பீல்ல போய் அந்த பங்கு தப்புன்னு வாதாடவே முடியாது. பாதி பங்கு வர வேண்டியவங்களுக்கு கால் பங்குதான்னு எழுதியிருந்தா அதோட போச்சு, எனக்கு இது ரொம்ப வேதனையான விஷயம்.

இடையில வர்ற எல்லா ஆர்டருக்கும் அப்பீல் கிடையாது, இடைக்காலத் தடை மாதிரி, அதே சட்டத்துல 'ஆர்டர் 43'ங்கற பகுதியில இருக்கறதுக்கு உண்டு, வாய்தா குடுத்ததுக்கெல்லாம் கிடையாது.

அப்பீல் போட டைம், ஹைகோர்ட்னா 90 நாள், ஜில்லா கோர்ட்னா 30 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆகுற நாள் இந்தக் கணக்குல சேராது, அதனால தீர்ப்பு வந்த உடனே காப்பி அப்ளிகேஷன் போட்டுடுங்க.