கதோ என்றால் கேக்கா, பரிசா?

சென்ற குளிர்காலத்தில் அம்மா ஊரிலிருந்து வந்து, பாரிசின் புறநகரில் உள்ள எங்கள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தார். அவருக்காக அன்றாடம் வீட்டில் புழங்கும் பிரெஞ்சு வாக்கியங்களை ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் ரவை கேக் செய்து, அதை எதிர்வீட்டு மூதாட்டியிடம் நீட்டி, நோட்டில் இருந்தபடியே "செத்தன் கதோ" என்றார் அம்மா. "இது கேக்" என்று அவர் சொல்ல நினைத்தார். மூதாட்டியின் காதில் விழுந்ததோ "இது பரிசு". எந்த விசேஷத்திற்காகப் பரிசு என்று அந்த அம்மையார் கேட்க, அதற்குப் பதில் நோட்டில் இல்லை. பிழை அம்மாவுடையதன்று, நான் எழுதிக் கொடுத்த எழுத்துடையது.

பிரெஞ்சில் கேக்கும் பரிசும் தமிழ் எழுத்தில் ஒரே கதோதான். கேக்கில் முதல் ஒலி 'தங்கம்' என்ற சொல்லின் நடுவில் வரும் மெல்லொலிக் ககரம். அடுத்தது 'தட்டு' என்பதன் தொடக்கத்தில் வரும் வன்மையான தகரம். பரிசில் இது அப்படியே தலைகீழாகிறது: 'கடல்' என்பதன் ககரம், 'பந்து' என்பதன் தகரம். நான்கு ஒலிகளும் நம் வாயில் பிறந்தது முதல் இருப்பவையே. ஆனால் அவை சொல்லில் எந்த இடத்தில் வரலாம் என்பதைத் தமிழ் வரையறுத்து வைத்திருப்பதால், தமிழ் படிக்கும் கண் கதோவை எப்போதும் பரிசாகவே வாசிக்கும். ரொட்டியும் குளியலும் இதே போல ஒரே 'பென்' ஆகிவிடும். மீனுக்கும் நஞ்சுக்கும் இடையே இருப்பதும் ஓர் ஒலிதான்: 'புவாசோன்' என்பதன் நடுவே வரும் சகரம் காற்றொலியாக நின்றால் மீன், தேனீ முரல்வது போல அதிர்ந்தால் நஞ்சு. ஆகவே, தொடக்கத்தில் எவ்வளவு உதவியாகத் தோன்றினாலும், பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

எழுத்து கைவிடும் இடத்தில் நம் பேச்சு கைகொடுக்கிறது. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களைக் கண்டு பலரும் அஞ்சுகிறார்கள். ஆனால் நாம் அவற்றை நாள்தோறும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். பேச்சில் 'படம்' என்று சொல்லும்போது இறுதி மகரத்திற்கு உதடுகள் மூடுவதில்லை. ஓகாரம் போன்ற ஓர் உயிர் மூக்கு வழியாகக் கரைந்துவிடுகிறது. மீனின் இறுதியில் நிற்பது அந்த ஒலிதான். 'வந்தேன்' என்று பேச்சில் முடிப்பது ரொட்டிக்கும், 'வந்தான்' என்று முடிப்பது குழந்தையைக் குறிக்கும் 'ஆன்ஃபான்' என்ற சொல்லுக்கும் மிக நெருக்கமானவை. அம்மாவுக்கு இதைச் சொன்னவுடன் அரை மணி நேரத்தில் அவருக்கு ரொட்டி சரியாக வந்துவிட்டது. உண்மையில் புதிதாகப் பழக வேண்டியது, நாக்கை இகரத்தில் வைத்து உதடுகளை மட்டும் ஊகாரத்திற்குக் குவித்துச் சொல்லும் உயிர். அது வராவிட்டால் பாத்திரம் அலமாரிக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது விளங்காது. 'தெஸ்யு' என்றால் மேலே, 'தெஸு' என்றால் கீழே.

இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, குடிக்கும் பாலைப் பற்றியது. "ஜ புவா த்யு லே" என்பதற்கும் "ஜ புவா ல லே" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கப் பாடநூல்கள் பக்கம் பக்கமாகச் செலவிடுகின்றன. தமிழருக்கு ஒரு வரி போதும்: முன்னது "பால் குடிக்கிறேன்", பின்னது "பாலைக் குடிக்கிறேன்". அளவு சொல்லாத ஏதோ கொஞ்சம் பாலுக்கு நாம் வேற்றுமை உருபை விட்டுவிடுகிறோம். பிரெஞ்சுக்காரர் 'த்யு' சேர்க்கிறார்கள். மேசையில் இருக்கும் இன்ன பால் என்றால் நாம் 'ஐ' சேர்க்கிறோம், அவர்கள் 'ல' சேர்க்கிறார்கள். இந்த ஒப்புமை எல்லா இடத்திலும் செல்லாது. "எனக்குப் பால் பிடிக்கும்" என்று பொதுவாகச் சொல்லும்போதும் அவர்களுக்கு 'ல' வேண்டும். எதிர்மறையில் இரண்டில் ஒன்றான 'த்யு' மறைந்து வெறும் 'த' மட்டும் நிற்கும்: "ஜ ந புவா பா த லே", பால் குடிப்பதில்லை.

பெயர்ச்சொற்கள் ஆண்பாலா, பெண்பாலா என்பதற்கு விதி தேடிக் களைத்துப் போகாதீர்கள். ஆண்பாலின் 'ல', பெண்பாலின் 'லா' என்பவற்றைச் சொல்லின் முதலெழுத்தாகவே கருதிக் கற்றுக்கொள்ளுங்கள். 'லா புவால்' வாணலி, 'ல புவால்' குளிர்காயும் கணப்பு அடுப்பு. பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, படுக்கை சீராக்குவது, கடைக்குப் போய் வருவது ஆகிய நான்கிற்கும் 'ஃபேர்' என்ற ஒரே வினை போதுமானது என்பது பெரிய ஆறுதல்.

சாப்பாட்டு மேசையில் கவனம் வேண்டிய சொல் ஒன்று உண்டு. 'ப்ல்யு' என்றால் இனி இல்லை. அதன் இறுதியில் ஸகரத்தை ஒலித்து 'ப்ல்யுஸ்' என்றால் இன்னும் அதிகம். ஏட்டில் இரண்டிற்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றுதான். எழுத்து வழக்கில் முன்னதற்குத் துணையாக 'ந' வரும், வீட்டுப் பேச்சில் அதை விழுங்கிவிடுவார்கள். ஆகவே "ஜான் வே ப்ல்யு" என்று குழந்தை சொன்னால் போதும் என்று பொருள், "ஜான் வே ப்ல்யுஸ்" என்றால் இன்னும் வேண்டும் என்று பொருள். முதல் வாரம் முழுவதும் என் மகள் போதும் என்று சொல்லச் சொல்ல அவள் தட்டில் இட்லி விழுந்துகொண்டே இருந்தது. ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய காலை, குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்த அம்மா, நோட்டைத் தேடாமலே "யா ப்ல்யு த லே" என்றார். ஸகரம் இல்லை, உதடுகள் சரியாகக் குவிந்திருந்தன. மகள் காலணியை மாட்டிக்கொண்டு பால் வாங்கி வரக் கிளம்பினாள்.