ஆபரேஷன் செய்த காலாச்சே

“தம்பி, உங்க பேச்சைக் கேட்டிருந்தா இன்னும் நொண்டிக்கிட்டுத்தான் இருப்பேன்.”

முட்டி ஆபரேஷன் முடிந்து, பிசியோதெரபிஸ்டான என்னிடம் மறுபடி பயிற்சிக்கு வந்த அம்மா சொன்னது இது. கோபத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்தும் மனம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

நான் சொன்னதில் என்ன தவறு? ஐம்பதைத் தாண்டியவர், கீழே விழவில்லை, அடிபடவில்லை. முட்டி ஸ்கேனில் ஜவ்வு கிழிசல் என்று வந்திருந்தது, அதாவது முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் ஜவ்வில். முட்டி பூட்டிக்கொள்ளவில்லை, முழுதாக நீட்ட முடிந்தது. மூன்று மாதம் பயிற்சி செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றேன். இதே கிழிசல் கபடியில் கால் திருகி, முட்டியை நீட்டவே முடியாமல் வரும் பையனுக்கு இருந்தால், நானே அன்றைக்கே சர்ஜனிடம் அனுப்பியிருப்பேன். வயதால் நைந்து கிழிவது வேறு கதை. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் ஊரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியே இல்லை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா? பாதி சொன்னேன். அவர் கேட்டதோ வேறு. “ஆபரேஷன்னா பையனோட இன்சூரன்ஸ்ல போயிடும். உங்களுக்குக் குடுக்கறது கைக்காசு. எது லாபம், சொல்லுங்க?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் வந்தார், அப்புறம் வரவில்லை. அடுத்து வந்தபோது முட்டிச் சில்லுக்கு இரு பக்கமும் சின்னதாக இரண்டு தழும்பு.

பின்லாந்தில் 146 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2013-இல் வெளியானது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஜவ்வில் கிழிந்ததை வெட்டி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு முட்டிக்குள் கேமராவை விட்டுப் பார்த்ததோடு சரி, ஜவ்வைத் தொடவில்லை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு குணம். ஆக, அந்த அம்மா குணமானது ஆபரேஷனால்தான் என்று சொல்ல முடியாது. இல்லை என்று அவரிடம் நிரூபிக்கவும் முடியாது. நடக்கிறவரிடம் போய் என்ன வாதம்?

அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு என் பக்கம் மட்டும் பேசவில்லை. அமெரிக்காவில் 351 பேர். ஆறு மாதக் கணக்கில் பயிற்சியும் ஆபரேஷனும் ஏறக்குறைய சமம்தான். ஆனால் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 30 சதவீதம் பேர் அதற்குள் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள். அத்தனை பேரையும் பொறுமையில்லாதவர்கள் என்று நான் சொல்லிவிட முடியுமா?

என்னைக் குடைவது இதுகூட இல்லை. முன்பு முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னால், மூன்று எண்ணுவதற்குள் விட்டுவிட்டு போனைப் பார்ப்பார். இப்போது தொடையின் உள்பக்கச் சதை நடுங்க நடுங்கப் பத்து எண்ணும் வரை பிடிக்கிறார். வீட்டிலும் காலை, மாலை செய்கிறாராம். ஏன் என்று கேட்டேன்.

“ஆபரேஷன் பண்ணின காலாச்சே தம்பி, பாத்துக்க வேணாமா?”

அப்படியென்றால் குணமாக்கியது பயிற்சி என்று நான் மார்தட்டலாம். ஆனால் பயிற்சியைச் செய்ய வைத்தது கத்திதானே. என்னால் அது முடியவில்லை. கைக்காசு வாங்கிக்கொண்டும் முடியவில்லை.

அவருடைய நாத்தனாருக்கும் ஜவ்வு கிழிசலாம். “பேசாம ஆபரேஷனே பண்ணிக்கன்னு சொல்லிட்டேன். எதுக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொல்லியிருக்கேன்” என்றார். வெள்ளிக்கிழமை ஃபிலிமோடு வருகிறார்கள். முட்டி பூட்டிக்கொள்கிறதா என்று முதலில் கேட்பேன். இல்லை என்றால் மறுபடி அதே மூன்று மாதத்தைத்தான் சொல்வேன், பக்கத்தில் இந்த அம்மா உட்கார்ந்திருக்கும்போதே.